ஆளுக்கொரு அத்தியாயம்

காலை ஐந்தே முக்காலுக்குள் ஏணி ஏறிவிட வேண்டும். ஆறு அடித்தால் ஏணியை எடுத்துவிடுவார்கள்.

தாராவியில் அந்தச் சந்து ஒரு கைவண்டி போகிற அகலம்தான். தோல் கட்டுகள் ஏற்றிய வண்டி உள்ளே வரவேண்டுமென்றால் ஏணி அங்கே நிற்கக் கூடாது. அதனால் மாடியில் வேலை பார்க்கிற பத்துப் பேரும் ஏறி முடித்த கையோடு, கீழே பை தைக்கிற பட்டறையிலிருந்து ரஹ்மத்துல்லா வந்து அந்த இரும்பு ஏணியைத் தூக்கிச் சுவரோரமாகப் படுக்கப் போடுவார். மதியம் ஒரு மணிக்கு அரை மணி நேரம் நிறுத்துவார். அப்புறம் சாயங்காலம் ஏழு மணிக்குத்தான். இடையில் அவசரம் என்று வந்தால் அடக்கிக்கொள்ள வேண்டியதுதான். அதற்குப் பயந்தே மாடியில் இருக்கிற ஆறு பெண்களும் காலையில் தண்ணீரைத் தொடுவதில்லை.

மே மாதம். விடியுமுன்பே ஏணிக் கம்பிகள் வெதுவெதுவென்று இருந்தன. அஃப்ஷா துப்பட்டாவை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறினாள். மேலே தகரக் கூரை. நிமிர்ந்தால் தலை இடிக்கும். பத்துக் கம்ப்யூட்டர்களும் அனலைக் கக்க, கீழே தோல் ஒட்டுகிற பசையின் நெடி பலகை இடுக்கு வழியே ஏறிவந்து தொண்டையில் உட்கார்ந்துகொள்ளும். ஏழு மணிக்குள் அவள் முப்பது பைகளுக்குப் பெயரும் விலையும் அடித்து முடித்திருந்தாள். மணிக்கட்டு நரம்பு இழுத்தது.

ஜஹாங்கீர் பாய் பை வியாபாரி. ஊரடங்கில் பை போகவில்லை என்றதும், பை விற்கிற இணையக் கடைகளைச் செய்துதரும் தொழிலில் இறங்கினார். இறங்கியவர் பட்டறை புத்தியை விட்டாரா என்றால், இல்லை. பையை எப்படிச் செய்தாரோ அப்படியே வெப்சைட்டையும் செய்தார். ஒருவர் வெட்ட, ஒருவர் ஒட்ட, ஒருவர் தைக்க. சுயம்பு முன்னே அதே பட்டறையில் தோல் வெட்டியவர். இப்போது மாடியில் உட்கார்ந்து பைப் படங்களின் ஓரத்தை வெட்டுகிறார். ஷமீமா படங்களைச் சின்னதாக்குவாள். அஃப்ஷா திரையில் படத்துக்குக் கீழே இருக்கிற பெட்டிகளில் பெயரும் விலையும் அடிப்பாள். ஷாலினி நிறம் போடுவாள். அஸாருதீன் ஒரு பக்கத்தை இன்னொரு பக்கத்தோடு இணைப்பான். இப்படிப் பத்துப் பேர், பத்து வேலை. பக்கம் கை மாறிக் கை மாறிப் போகும். தொடக்கத்தையும் முடிவையும் பார்க்கிறவர் பாய் ஒருவரே.

வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கு ‘வெப் டிசைன் கோர்ஸ்’ என்று பெரிதாகச் சொன்னார். சொல்லிக்கொடுப்பேன், பதிலுக்கு மூன்று வருஷம் என்னிடம் வேலை பார்க்க வேண்டும் என்று பாண்டுப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கினார். எல்லோருடைய அசல் மார்க்‌ஷீட்டையும் வாங்கிக் கீழே இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டினார். ஒவ்வொருவருக்கும் ஸ்பைரல் போட்ட மெல்லிய புத்தகம் ஒன்று கிடைத்தது. அஃப்ஷாவுக்கு நாலாம் அத்தியாயம். ஷாலினிக்கு ஏழாவது. முழுப் புத்தகம் யாருக்கும் இல்லை.

வெள்ளிக்கிழமைகளில் மட்டும் ஜும்ஆ தொழுகைக்காக மூன்று மணி வரை ஏணி நிற்கும். போன வெள்ளிக்கிழமை அஃப்ஷா அந்த இடைவெளியில் கிங்ஸ் சர்க்கிளுக்கு ஓடினாள். அங்கே ஓர் ஓட்டல் மாடியில் சின்ன ஆபீஸ். வெப்சைட் செய்ய ஆள் தேவை என்று அங்கே கூட்டிப் பெருக்குகிற அவளுடைய பக்கத்து வீட்டுக்காரி சொல்லியிருந்தாள். ஏசி குளிரில் ஆள் எடுக்கிற ஒரு மாட்டுங்காத் தமிழ் அம்மாள் உட்கார்ந்திருந்தார்.

"ரெண்டு வருஷ அனுபவமா, பேஷ். ஒரே ஒரு பக்கம் பண்ணிக் காட்டு. ஒரு பேக் படம், பேரு, வெலை. அவ்ளோதான்."

வெள்ளையாக ஒரு திரையைத் திறந்துகொடுத்தார். அஃப்ஷா கைகளை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். ஒரு நிமிஷம் போனது. இரண்டு நிமிஷம் போனது.

"ஏம்மா, ஆரம்பிக்கலையா?"

"பக்கம் வரட்டும்னு பாக்கேன் மேடம்."

"எங்கேர்ந்து வரும்?"

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இரண்டு வருஷமாகப் பக்கம் அவளிடம் வந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. ஒரு பக்கம் எப்படிப் பிறக்கிறது என்று அவளுக்குத் தெரியவே தெரியாது. முகம் எரிந்தது, எழுந்து ஓடிவிடலாமா என்றிருந்தது.

அந்த அம்மாள் சிரிக்கவில்லை. ஓட்டல் பில்லின் பின்பக்கத்தில் இரண்டு மூன்று இணைய முகவரிகளை எழுதிக் கொடுத்தார். "காசு கட்டி எந்த கோர்ஸும் படிக்காதே. இதெல்லாம் நெட்ல சும்மாவே கெடக்கறது. மாசக் கடைசி வரைக்கும் நான் வேற ஆள் எடுக்கலே. ஒரு பக்கம் கத்துண்டு வா. வரச்சே ஒரிஜினல் மார்க்‌ஷீட்டும் கொண்டு வா, அது இல்லாம இங்க சேத்துக்க மாட்டா."

ஆக, இரண்டு பூட்டு. ஒன்று அவள் தலைக்குள், இன்னொன்று பாயின் பீரோவில். மாசக் கடைசிக்கு முழுசாக இருபது நாள்கூட இல்லை.

மறுநாளிலிருந்து பொதுக் கக்கூஸ் வரிசைதான் அவளுக்குப் பள்ளிக்கூடம். காலை நாலே முக்காலுக்கு வாளியோடு நிற்பாள். ஒரு கையில் போன். இலவசம் என்று தேடினால் வந்து கொட்டியது என்னவோ நிஜம். அதில் பாதி ஏமாற்று. ஒன்று மூன்றாம் பாடத்தில் கார்டு நம்பர் கேட்டது. இன்னொன்று படிப்பு இலவசம், சான்றிதழுக்கு மட்டும் பணம் என்றது. ஒருத்தன் கோட்டுப் போட்டுக்கொண்டு அரை மணி நேரம் தன் கார் வாங்கிய கதையைச் சொன்னான். சை என்று ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிக் கடைசியில் மாட்டுங்கா அம்மாள் எழுதிக் கொடுத்த முகவரி ஒன்றுக்கே வந்தாள். அது அசல் இலவசம். பேர் கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை. இடது பக்கம் எழுதினால் வலது பக்கம் தெரிந்தது. முதல் நாள் தன் பெயரை எழுதினாள், வலது பக்கத்தில் அது பெரிய எழுத்தில் வந்து நின்றபோது வரிசை நகர்ந்ததுகூடத் தெரியாமல் பின்னாலிருந்தவளிடம் வசை வாங்கினாள்.

ஆனால் அத்தனையும் இங்கிலீஷ். ஒரு வரிக்கு மூன்று சொல் புரியவில்லை. தட்டுத் தடுமாறி நாலாம் பாடத்துக்கு வந்தவள் சட்டென்று நின்றாள். அங்கே ஒரு சிவப்பு சைக்கிள் படம். அதன் கீழே பெட்டி போடுவது எப்படி என்ற விளக்கம். இந்தச் சைக்கிளை அவள் இரண்டு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவளுடைய ஸ்பைரல் புத்தகத்தின் நாலாம் அத்தியாயம், வரிக்கு வரி அதேதான். போனில் பக்கத்தின் அடியில், இந்தப் பாடங்களை யாரும் இலவசமாகப் படிக்கலாம், பகிரலாம் என்றிருந்தது. புத்தகத்தில் அந்த இடத்தை மறைத்து ‘ஜஹாங்கீர் வெப் டிசைன்ஸ்’ முத்திரை. உலகத்துக்கே சும்மா கொடுத்ததைப் பத்தாகக் கிழித்துக் கொடுத்து மூன்று வருஷத்தை எழுதி வாங்கிவிட்டானே பாவி என்று வாய்விட்டே திட்டினாள்.

ஷாலினியிடம்தான் முதலில் சொன்னாள். ஷாலினி இங்கிலீஷ் மீடியத்தில் பத்தாவது வரை படித்தவள். மதியச் சோற்று நேரத்தில் போனை வாங்கிப் பார்த்தவள் டப்பாவை மூடிவிட்டாள்.

"இதானா அந்த மூணு வருசம்?"

"இதான். எனக்குப் பாதி புரியல. வாசிச்சு சொல்லுளா."

ஷாலினி வாசித்தாள். வாசிக்கத்தான் வந்ததே தவிர, ஏன் அப்படி என்று அவளுக்கும் விளங்கவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த அஸாருதீன், இதையே ஹிந்தியில் ஒரு மாஸ்டர் வீடியோவில் பிரமாதமாகச் சொல்கிறார் என்று தேடியெடுத்துக் கொடுத்தான். சுயம்பு எட்டாவது வரை தமிழில் படித்தவர். அந்த மாடியில் தமிழைத் தடையில்லாமல் வாசிக்கத் தெரிந்தது அவர் ஒருவருக்குத்தான். தமிழிலேயே யாரோ புண்ணியவான்கள் எழுதி இலவசமாகப் போட்டிருந்த புத்தகம் ஒன்றை அவர் போனில் இறக்கிக்கொண்டு வந்தார். "நாப்பத்தெட்டு வயசுல எனக்குப் பரீட்சையா வைக்கப் போறாவ, சும்மா பாப்பமேன்னு எடுத்தேன்" என்று கூச்சப்பட்டார். இங்கிலீஷில் ஷாலினி, ஹிந்தியில் அஸாருதீன், தமிழில் சுயம்பு என்று மூன்று பேர் மூன்று பக்கமிருந்து சொல்லச் சொல்லத்தான் ஒரு பாடம் உருப்படியாக அஃப்ஷாவின் மண்டையில் ஏறியது.

பாய்க்குத் தெரியாமல் இருக்குமா? ஒரு நாள் காலையில் ஏணியை நிறுத்தச் சொல்லி மேலே வந்தார். அஃப்ஷா ஷாலினியின் கம்ப்யூட்டர் முன் குனிந்திருந்தாள்.

"நாலாம் அத்தியாயக்காரிக்கு ஏழுல என்ன வேல? வேல பாக்க வந்தீயளா, படிக்க வந்தீயளா?"

அஃப்ஷா திரும்பினாள். கேட்டே விட்டாள். "பாய், மாசக் கடைசிக்குள்ள என் மார்க்‌ஷீட் வேணும்."

"பாண்டு இன்னும் ஒரு வருசம் இருக்கு."

"நீங்க சொல்லிக் குடுத்தது நெட்ல சும்மா கெடக்கு பாய்."

அவர் கோபப்படவில்லை. அதுதான் அவருடைய கெட்டிக்காரத்தனம். "மீனு கூடத்தான் கடல்ல சும்மா கெடக்கு. பிடிச்சுச் சந்தைக்குக் கொண்டாரவனுக்குக் கூலி வேண்டாமாம்மா? சும்மா கெடந்தத அப்பவே ஏன் எடுத்துப் படிக்கல? உங்களத் தேடிப் பிடிச்சு உக்கார வச்சது யாரு?"

அவர் இறங்கினார். அன்றிலிருந்து போன்கள் காலையிலேயே ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் போய்க் கீழேயே தங்கின. ஏணி போனது, போனும் போனது. தகரக் கூரைக்குக் கீழே உட்கார்ந்து அஃப்ஷா பெட்டிகளில் விலை அடித்தாள். கதவில்லாத ஜெயில் என்று நினைத்துக்கொண்டாள். இறங்க வழியில்லாத இடத்துக்குக் கதவு எதற்கு?

அடுத்த வியாழக்கிழமை காலை பத்து மணி இருக்கும். மூலையிலிருந்த இன்வெர்ட்டர் பேட்டரி புஸ்ஸென்று சீறியது. கறுப்புப் புகை கூரையில் முட்டித் திரும்பி முகத்தில் அடித்தது. ஷமீமா "ஏணி, ஏணி" என்று கத்தினாள். கீழே எட்டுத் தையல் மிஷின்களின் இரைச்சலில் யார் காதில் விழும்? மற்றவர்கள் வாசலில் நெருக்கியடித்துக்கொண்டு இருமினார்கள். சுயம்பு சட்டையைக் கழற்றி மூக்கில் கட்டிக்கொண்டு வயரைப் பிடுங்கப் போனார். அந்த நேரம் தோல் வண்டி சந்துக்குள் வந்தது. அஸாருதீன் யோசிக்கவில்லை, கட்டுகளின் மேல் குதித்துவிட்டான். கட்டு உருண்டது. வலது கையை ஊன்றி விழுந்தவன், அந்தக் கையைத் தொங்கவிட்டபடியே இடது கையால் ஏணியை இழுத்தான். அப்போதுதான் ரஹ்மத்துல்லா பார்த்துவிட்டு ஓடிவந்தார். ஏணியை நிறுத்தியவர், வயரைப் பிடுங்கிவிட்டுக் கடைசியாகச் சுயம்பு இறங்குகிற வரை அதை விட்டுக் கையை எடுக்கவில்லை.

பாய் வந்து கேட்ட முதல் கேள்வி: "சிஸ்டம் எதுக்கும் ஒண்ணும் ஆகலல்லா?"

அரசு ஆஸ்பத்திரியில் அஸாருதீனுக்கு மணிக்கட்டில் மாவுக்கட்டு போட்டார்கள். ஆறு வாரம் வேலை கூடாது. பாய் அதற்கும் கணக்கு வைத்திருந்தார். "அவன யாரு குதிக்கச் சொன்னா? வராத நாளெல்லாம் பாண்டுல கூடும். எல்லாருக்கும் சேத்துத்தான் சொல்லுதேன்." சொல்லிவிட்டு ரஹ்மத்துல்லாவைப் பார்த்தார். ஏணி மறுபடி சுவரோரம் படுத்தது.

அன்று சாயங்காலம் இறங்கும்போது சுயம்பு ஏணிக்குக் கீழே நின்றுகொண்டு ஒவ்வொருவரிடமும் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "ஞாயித்துக்கிழம மத்தியானம் நம்ம வீட்டுக்கு வாங்க. வரும்போது அவங்கவங்க புஸ்தகத்தக் கொண்டாங்க."

சுயம்புவின் வீடு பத்துக்குப் பத்து அறை. அவர் மனைவி முப்பிடாதியம்மாள் கட்டிலைச் செங்குத்தாகச் சாய்த்து இடம் பண்ணியிருந்தாள். கட்டுப் போட்ட கையோடு அஸாருதீனும் வந்துவிட்டான். ஸ்பைரல் கம்பிகளை உருவிப் போட்டுவிட்டு, பத்து அத்தியாயங்களையும் தரையில் வரிசையாக அடுக்கினார்கள். அஃப்ஷா முதல் அத்தியாயத்தை அப்போதுதான் கண்ணால் பார்த்தாள். போனில் திக்கித் திணறிப் படித்த அதே முதல் பாடம்தான்: ஒரு பக்கத்தைத் தொடங்குவது எப்படி, நாலே வரி. இந்த நாலு வரிக்காகவா அந்த ஏசி அறையில் கூனிக் குறுகி உட்கார்ந்திருந்தோம் என்று அழுகை வந்தது. சிரிப்பும் வந்தது.

இடையிடையே பாய் கிழித்து வைத்துக்கொண்ட பக்கங்கள் இல்லை. அவற்றை இலவசப் பாடத்திலிருந்து நிரப்பினார்கள். அவரவர் தங்கள் வேலையைப் போனிலேயே செய்து காட்டி மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். படத்தை நறுவிசாக வெட்டுகிற வித்தையைச் சுயம்பு காட்டினார். ஷமீமா அதைச் சுருக்கினாள். அஸாருதீன் இடது கையால் இணைப்புக் கொடுக்கத் திணறியபோது ஷமீமாவே அடித்தாள், அவன் சொல்லச் சொல்ல.

"பக்கத்துல என்னத்தளா எழுத?" என்று கேட்டாள் ஷாலினி.

யாரோ பூ படம் போடலாம் என்றார்கள். அஃப்ஷா வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். "நம்ம பேர எழுதுவோம். பேருக்கு நேரா, பீரோவுல என்ன இருக்குன்னு எழுதுவோம்."

முப்பிடாதியம்மாள் மூன்றாம் தடவை டீ போட்டாள். சாயங்காலத்துக்குள் பக்கம் முடிந்தது. பத்துப் பெயர்கள், பத்து மார்க்‌ஷீட்டுகள், எத்தனை மாதமாகப் பூட்டியிருக்கிறது என்ற கணக்கு. அதன் கீழே மூன்று வரி: சான்றிதழ்களைத் திருப்பித் தர வேண்டும். ஏணியை எடுக்கக் கூடாது. அஸாருதீனின் வைத்தியம் முதலாளி பொறுப்பு. கடைசியில், சுயம்பு தன் போனில் எடுத்து வைத்திருந்த அந்த ஏணியின் படம், ஓரம் வெட்டியது. இலவசமாக இடம் தருகிற தளம் ஒன்றில் அதை ஏற்றினார்கள். இனி எந்தப் போனில் தட்டினாலும் வரும்.

திங்கட்கிழமை காலை ஐந்தே முக்கால். மாசக் கடைசிக்கு இரண்டு நாள். பத்துப் பேரும் ஏணியைச் சுற்றி நின்றார்கள், ஒருவரும் ஏறவில்லை. அன்றைக்கு அஃப்ஷா வீட்டில் இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்திருந்தாள்.

பாய் பல் துலக்கிக்கொண்டிருந்த வாயோடு வந்தார். "என்ன கூட்டம்? ஏறுங்க. ஒம்பது மணிக்கு துபாய்க்காரனுக்கு சைட்டு போயாவணும்."

அஃப்ஷா போனை நீட்டினாள். அவர் படித்தார். மேலிருந்து கீழே ஒரு முறை, கீழிருந்து மேலே ஒரு முறை.

"இத எவன் செஞ்சான்?"

"பத்துப் பேரும் செஞ்சோம்" என்றாள் ஷாலினி.

"யாருக்கெல்லாம் அனுப்பியிருக்கீய?"

"இன்னும் யாருக்கும் அனுப்பல பாய்" என்றாள் அஃப்ஷா. "மொதல்ல உங்களுக்குத்தான் காட்டுதோம்."

அவர் குரலைத் தாழ்த்தினார். "நான் தேடித் தந்த பொழப்பு. கூலிக்கு வந்தவங்களுக்குக் கைத்தொழில் குடுத்தேன். நன்றி வேண்டாமா?"

"அன்னைக்கு மீனுக்குக் கூலி கேட்டீய பாய். ரெண்டு வருசமா குடுத்துட்டுத்தான் இருக்கோம். மீன் வாங்க வந்தவகிட்ட மார்க்‌ஷீட்டப் பிடுங்கி பூட்டி வைக்கிறது எந்தச் சந்தையில உண்டு?" இத்தனை நாளாக மனசில் வைத்திருந்ததைச் சொல்லிவிட்டாள்.

"வேற பத்துப் பேரு நாளைக்கே வருவான்."

"வருவான்" என்றார் சுயம்பு. "அவனுக்கும் நாங்க சும்மாவே சொல்லிக் குடுப்போம். பத்து அத்தியாயமும்."

பாயின் முகம் கறுத்தது. சந்து முனையில் தோல் வண்டி வந்து நின்றது, வண்டிக்காரர் மணியடித்தார். பாய் பட்டறைப் பக்கம் திரும்பிக் கத்தினார். "ரஹ்மத்துல்லா, ஏணிய எடு. எவளும் ஏற வேண்டாம். இன்னையோட எல்லாம் காலி, பேப்பரும் கெடையாது, ஒண்ணும் கெடையாது."

ரஹ்மத்துல்லா வந்தார். இருபது வருஷமாக அந்தப் பட்டறையில் தைக்கிறவர். பாய் சொல்லி அவர் மறுத்ததை யாரும் பார்த்ததில்லை. ஏணியின் இரண்டு பக்கமும் கை வைத்தார். அஃப்ஷா கண்ணை மூடிக்கொண்டாள். ஏணி நகரும் சத்தம் கேட்கவில்லை. கண்ணைத் திறந்தபோது அவர் ஏணியின் இரண்டாவது கம்பியில் உட்கார்ந்திருந்தார்.

"அன்னைக்கு புகை வந்தப்ப இந்தக் கையாலதான் ஏணிய எடுத்துப் போட்டிருந்தேன்" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு. பிறகு அஃப்ஷாவிடம் கேட்டார். "யம்மா, என் ரேஷன் கார்டும் அந்த பீரோவுலதான் கெடக்கு. பதினோரு வருசம் ஆச்சு. அத எழுத அதுல எடம் இருக்கா?"

பட்டறை வாசலில் தையல்காரர்கள் தலைகள் தெரிந்தன. மிஷின்கள் இன்னும் ஓட ஆரம்பிக்கவில்லை. வண்டிக்காரர் மணியடிப்பதை நிறுத்திவிட்டு வண்டியின் மேலேயே உட்கார்ந்து என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்த்தார். பாய் பீரோ சாவியைச் சட்டைப் பையோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அஃப்ஷா ஏணியின் முதல் கம்பியில், ரஹ்மத்துல்லாவின் காலடியில் உட்கார்ந்தாள். போனில் பக்கத்தின் உள்ளே போனாள். பத்தாவது பெயருக்குக் கீழே புதிதாக ஒரு வரியைத் திறந்தாள். எங்கிருந்தும் எதுவும் வரட்டும் என்று அவள் காத்திருக்கவில்லை.

"இருக்கு" என்றாள். "பேர முழுசா சொல்லுங்க."